தோட்டத்துத் தண்ணீரில் குளோரின்: அணையிலிருந்து கடைசி வீட்டுக் குழாய் வரை

"தண்ணியில மருந்து போடப் போறாங்களாம்" என்று ஒரு தோட்டத்து ஊரில் பேச்சு கிளம்பினால், அன்று மாலைக்குள் ஒட்டுக்கடை முழுக்க அதுதான் பேச்சு. இத்தனை வருடம் மலைத்தண்ணீரைக் குடித்துத்தானே வளர்ந்தோம், இப்போது எதற்கு? அது துணி வெளுக்கும் குளோராக்ஸ்தானே, அதையா குடிப்பது? கைக்குழந்தைக்குப் பால் கலக்கலாமா? இட்லி மாவு புளிக்குமா? எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: போட்ட குளோரினில் கடைசி வீட்டுக் குழாய்க்கு எவ்வளவு வந்து சேர்கிறது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில், எந்தத் தண்ணீர்?

மலேசியாவில் தோட்டத்தை ஒட்டிய ஊர்களுக்குத் தண்ணீர் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது.

1. மாநில நீர் நிறுவனத்தின் பெரிய குழாய். இது சுத்திகரிப்பு நிலையத்தில் ஏற்கெனவே குளோரின் சேர்த்த தண்ணீர். பட்டணத்துக் குழாயில் தண்ணீர் குடித்த எவரும் குளோரின் கலந்த தண்ணீரைக் குடித்தவர்தான்.

2. மலையோர ஓடையைச் சிறிய அணை கட்டித் தடுத்து, மேட்டில் இருக்கும் தொட்டிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சரிவிலேயே லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, இறக்கும் தண்ணீர்.

3. ஆழ்குழாய்க் கிணறு.

"புதிதாகக் குளோரின்" என்ற பேச்சு இரண்டாவது, மூன்றாவது வகைகளில்தான் எழும். அதிலும் ஓடைத் தண்ணீர்தான் சிக்கலானது. ஆகவே அதையே மையமாக வைத்துக்கொள்வோம்.

அந்தக் காலத்தில் நன்றாகத்தானே இருந்தது?

சில ஊர்களில் நன்றாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஓடை அதே ஓடையாக இல்லை. அணைக்கு மேலே காடு இருந்த இடத்தில் செம்பனை வந்திருக்கும். மறுநடவு நடக்கும் வருடங்களில் மண் வெறுமையாகக் கிடக்கும். ஒரு பெருமழை போதும், ஓடை தே தாரேக் நிறத்தில் இறங்கும். அந்த மண்ணோடு மாட்டுச்சாணம், காட்டுப்பன்றியின் கழிவு, மேலே குடிசை இருந்தால் மனிதக் கழிவு என எல்லாம் சேர்ந்துதான் வருகிறது.

தண்ணீர் வழியாகப் பரவும் பெரிய நோய்கள் அனைத்தும் இந்த வழியில் வருபவை: வாந்திபேதி எனும் காலரா, டைபாய்டு, சீதபேதி, ஹெபடைடிஸ் ஏ என்ற மஞ்சள்காமாலை. ஒருவரின் கழிவு மற்றொருவரின் குடிதண்ணீருக்குள் போவதுதான் இவற்றின் ஆணிவேர். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் இந்தக் கிருமிகள் இருக்கும். நாக்குக்கும் மூக்குக்கும் அது தெரியாது.

குளோரின் இதற்குப் புது வைத்தியம் ஒன்றும் இல்லை. 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், ஒரே ஒரு தெருப் பம்பைச் சுற்றிக் காலரா பரவியதைக் காட்டினார். 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் தண்ணீர் முழுவதற்கும் தினமும் குளோரின் சேர்க்கத் தொடங்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேர் குடித்துவரும் முறை இது.

குளோரின் என்றால் எது?

மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. பெரிய நிலையங்களில் உருளையில் அடைத்த வாயு. அது கசிந்தால் ஆளைக் கொல்லும், ஆகவே சின்ன ஊருக்கு அது வேண்டாம். அடுத்தது திரவம், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். சுத்திகரிப்புக்கு வாங்குவதில் 10 முதல் 12 சதவீதம் வரை குளோரின் இருக்கும். கையாள எளிது, ஆனால் நம் வெயிலில் சீக்கிரம் வீரியம் போய்விடும். மூன்றாவது தூள் அல்லது வில்லை, அதாவது கால்சியம் ஹைப்போகுளோரைட். இதில் 65 முதல் 70 சதவீதம். மூடிவைத்த வாளியில் ஈரம் படாமல் இருந்தால் நாள்பட நிற்கும். சின்னத் தோட்டத்து ஊருக்கு என் கணிப்பில் இதுவே பொருத்தம்.

குளோராக்ஸ் என்று நாம் பொதுப்பெயராகச் சொல்லும் துணி வெளுக்கும் திரவமும் சோடியம் ஹைப்போகுளோரைட்தான். ஆகவே "அதுதானே இது" என்பதில் உண்மை உண்டு. வித்தியாசம் அளவில். வீட்டுத் திரவம் 5 சதவீதம் என்றால் லிட்டருக்குச் சுமார் 50,000 மில்லிகிராம். குடிதண்ணீரில் இருக்க வேண்டியது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில். ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றில் ஒரே ஒரு கிராம். இரண்டு மூன்று சிட்டிகை உப்பின் எடை, அவ்வளவுதான்.

ஓர் ஊருக்கு எவ்வளவு தேவைப்படும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பேர், ஆளுக்கு 200 லிட்டர் என்றால் நாளைக்கு 2,00,000 லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் போட்டால் 400 கிராம் குளோரின் வேண்டும். 65 சதவீதத் தூளாக எடுத்தால் சுமார் 615 கிராம். ஒரு மைலோ டின்னில் அடங்கிவிடும். செலவு இதில் இல்லை. அதை நாள் தவறாமல், மழையிலும் தீபாவளியிலும், சரியான அளவில் போடும் ஆளுக்கும் கருவிக்கும்தான் செலவு.

போட்டது, செலவானது, மிச்சம்

இந்த மூன்று சொற்களும் புரிந்துவிட்டால் குளோரின் விஷயத்தில் பாதி புரிந்த மாதிரி.

போட்டது: தொட்டியில் சேர்த்த அளவு.

செலவானது: தண்ணீரில் இருக்கும் இலைச்சாறு, மண், இரும்பு, மாங்கனீசு, கிருமிகள், குழாயின் உட்புறப் பாசி எல்லாம் தின்றுவிடும் அளவு. குளோரினுக்கு நல்லது கெட்டது தெரியாது. எதிரில் வந்ததையெல்லாம் தாக்கித் தானும் தீரும்.

மிச்சம்: இவ்வளவுக்கும் பிறகு தண்ணீரில் நிற்பது. அதிகாரிகள் இதை எஞ்சிய குளோரின் என்பார்கள்.

சம்பளக் கணக்கு மாதிரிதான் இது. எவ்வளவு சம்பளம் என்று கேட்டால் வீட்டு நிலைமை தெரியாது. மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கிறது என்று கேட்க வேண்டும். "நாங்கள் 2 மில்லிகிராம் போடுகிறோம்" என்று யாராவது சொன்னால் அது பாதிப் பதில்தான். தெளிந்த தண்ணீரில் 2 போட்டால் 1.5 நிற்கலாம். மழைக்குப் பிறகு அதே 2 போட்டால் பூஜ்யமாகலாம்.

மிச்சம் எதற்கு என்றால், குழாய்க்குள் காவலுக்கு. தொட்டியில் கிருமி செத்துவிட்டது, சரி. அங்கிருந்து லயம் வரை வரும் குழாய் பழையது. எங்கோ விரிசல் இருக்கும். மலேசியாவில் நீர் நிறுவனங்கள் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போகிறது. அதில் பெரும்பகுதி குழாய்க் கசிவு. தண்ணீர் வெளியே கசியும் ஓட்டை வழியாக, அழுத்தம் குறையும் நேரத்தில், சாக்கடைத் தண்ணீர் உள்ளேயும் வரும். தண்ணீர் நேரம் வைத்துத் திறந்துவிடும் ஊரில் இது தினமும் நடக்கக்கூடியது. அப்போது எதிர்த்து நிற்பது அந்த மிச்சம் ஒன்றுதான். கொதிக்கவைத்தல், புற ஊதாக் கதிர் போன்ற மற்ற வழிகள் கிருமியைக் கொல்லும், ஆனால் பின்னால் காவல் விட்டுச் செல்லாது.

நம் சுகாதார அமைச்சின் குடிநீர்த் தர அளவின்படி இந்த மிச்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நடைமுறையில் வீட்டுக் குழாயில் 0.5 அளவில் இருந்தால் வாடையும் பெரிதாகத் தெரியாது, காவலும் இருக்கும்.

நேரம் கொடுக்காவிட்டால் பயனில்லை

குளோரின் பட்டவுடன் எல்லாக் கிருமியும் சாவதில்லை. 25 பாகை வெப்பத்தில், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருக்கும் தண்ணீரில் கணக்கு ஏறத்தாழ இப்படி:

1. குடலில் வாழும் ஈகோலை பாக்டீரியா: ஒரு நிமிடத்துக்குள்.
2. ஹெபடைடிஸ் ஏ வைரஸ்: 16 நிமிடம்.
3. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி: 45 நிமிடம்.
4. கிரிப்டோஸ்போரிடியம் என்ற மற்றொரு குடல் ஒட்டுண்ணி: பத்து நாளுக்கு மேல்.

நான்காவதைப் பாருங்கள். பத்து நாள் தண்ணீரை யாரும் நிறுத்திவைக்க முடியாது. அதாவது சில கிருமிகளைக் குளோரினால் ஒன்றும் செய்ய முடியாது. மணல் வடிகட்டிதான் பிடிக்க வேண்டும். "குளோரின் போட்டாச்சு, இனி வடிகட்டி எதுக்கு?" என்று எவராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் பொதுவான அளவு, குறைந்தது 30 நிமிடம் தண்ணீரும் குளோரினும் சேர்ந்திருக்க வேண்டும், அதன்பிறகும் 0.5 மில்லிகிராம் நிற்க வேண்டும் என்பது. இதற்குத்தான் தொட்டி. ஆனால் தொட்டியில் தண்ணீர் வரும் குழாயும் போகும் குழாயும் ஒரே மூலையில் இருந்தால், புதுத் தண்ணீர் சுற்றாமல் குறுக்கே ஓடி வெளியேறிவிடும். பெரிய தொட்டி இருந்தும் ஐந்து நிமிடம்கூட நிற்காது. வருவது ஒரு மூலையில், போவது எதிர்மூலையில், நடுவில் தடுப்புச்சுவர் என்றால்தான் கணக்கு சரியாகும்.

தோட்டங்களில் இதைவிட மோசமான ஒன்று உண்டு. அணையிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாயிலேயே ஒரு கிளை எடுத்து, மேட்டில் இருக்கும் இரண்டு மூன்று வீடுகளுக்கு விட்டிருப்பார்கள். எல்லோருக்கும் முதலில் தண்ணீர் வரும் வீடுகள் என்று அவற்றைப் பார்த்துப் பொறாமைகூடப் படுவார்கள். அந்த வீடுகளுக்குப் போவது தொட்டியைப் பார்க்காத பச்சைத் தண்ணீர். குளோரின் திட்டம் தொடங்கும்போது முதல் வேலையாக இந்தக் கிளைகளைத் தேடி வெட்டித் தொட்டிக்குப் பின்னால் மாற்ற வேண்டும்.

தண்ணீரின் காரத்தன்மையும் கணக்கில் வரும். அதைக் காட்டும் பிஎச் எண் 7.5 அளவில் இருந்தால் குளோரினில் பாதிதான் வீரியமான வடிவில் இருக்கும், 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்கு. நம் மலையோடைகளின் தண்ணீர் பொதுவாகக் காரம் ஏறாதது, ஆகவே இந்தப் பக்கம் நமக்குப் பெரிய தொல்லை இல்லை.

பெரிய தொல்லை கலங்கல்தான். மண்துகளுக்குள் ஒளிந்த கிருமியைக் குளோரின் எட்டாது. கலங்கல் தண்ணீரில் குளோரினைக் கூட்டிப் போடுவதைவிட, மழை வந்ததும் அணையின் வால்வை மூடி, தெளியும் வரை தொட்டியில் சேமித்ததைக் கொடுப்பது நல்லது. அதற்குத் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும், வால்வை மூட இரவு இரண்டு மணிக்கும் ஓர் ஆள் போக வேண்டும்.

வாடை அடித்தால் அதிகம் போட்டார்கள் என்று அர்த்தமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். பல நேரம் உண்மை தலைகீழ். நீச்சல் குளத்தில் கண்ணை எரிக்கும் அந்த நெடி, பெரும்பாலும் குளோரினும் அம்மோனியா வகைப் பொருள்களும் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் நெடி. அம்மோனியா இருக்கும் தண்ணீரில் போதாத அளவு குளோரின் போட்டால்தான் அது கூடுதலாக வீசும். இன்னும் போட்டால், ஒரு கட்டத்தைத் தாண்டியதும் அம்மோனியா முழுக்க எரிந்து நெடி குறையும், வீரியமான மிச்சம் நிற்கத் தொடங்கும். இதை முறிவுப் புள்ளி என்பார்கள்.

இது தோட்டத்து ஊருக்கு ஏன் முக்கியம்? ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைத் தீர்க்க 8 முதல் 10 மில்லிகிராம் குளோரின் வேண்டும். மாட்டுப்பட்டி, குப்பைமேடு, செம்பனை ஆலையின் கழிவுக்குளம் ஆகியவற்றிலிருந்து அம்மோனியா ஓடைக்கு வந்தால், இரண்டு மில்லிகிராம் போட்டு வைத்த திட்டம் அன்றைக்கே படுத்துவிடும். ஜோகூரின் சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தில் 2019-இல் பெனுட் ஆற்றில் அம்மோனியா ஏறி, சுத்திகரிப்பு நிலையத்தையே நிறுத்த வேண்டி வந்தது. குப்பைமேட்டுக் கசிவு அதற்குக் காரணமாகப் பேசப்பட்டது. முழு வசதியுள்ள நிலையத்துக்கே அந்த நிலை. சின்னத் தொட்டியும் ஒரு வாளித் தூளும் என்ன செய்யும்? அணைக்கு மேலே என்ன இருக்கிறது என்று நடந்து போய்ப் பார்ப்பதும் சுத்திகரிப்பின் ஒரு பகுதிதான்.

பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் இதே வரிசை. குளோரின் அவற்றை நம்பத்தகுந்த அளவில் நீக்காது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டது. ஆனால் தெளிக்கப்படும் மற்ற மருந்துகள் உண்டு. அணையின் இரு கரையிலும் தெளிக்காத பட்டை ஒன்று விட்டாக வேண்டும்.

வீட்டில் எழும் பயங்கள்

புற்றுநோய் வருமா? இலைகுழைச் சாறு கலந்த தண்ணீரில் குளோரின் சேர்ந்தால் டிரைஹாலோமீத்தேன் என்ற பொருள்கள் சிறிதளவு உண்டாகின்றன. நீண்ட காலம் அதிக அளவில் குடித்தால் கெடுதல் இருக்கலாம் என்ற கவலை உண்மையானது. அதனால்தான் நம் தர அளவில் அவற்றுக்கும் வரம்பு இருக்கிறது. வழி, முதலில் வடிகட்டி அந்தச் சாற்றைக் குறைத்துவிட்டுப் பிறகு குளோரின் சேர்ப்பது. தேநீர் நிறத்தில் வரும் சதுப்புத் தண்ணீரில் நேரடியாகக் குளோரின் கொட்டக்கூடாது. ஆனால் இந்தப் பயத்தில் குளோரினையே விட்டுவிடக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. பல வருடத்துக்குப் பிறகு வரக்கூடிய சிறிய ஆபத்தையும், அடுத்த வாரமே குழந்தையைப் படுக்கவைக்கும் பேதியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கைக்குழந்தைக்கு? பால்மாவு கலக்க எப்படியும் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டும். கொதித்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும்.

இட்லி மாவு? தாராளமாகப் புளிக்கும். அரிசியிலும் உளுந்திலும் இருக்கும் பொருள்கள் அந்தக் கொஞ்சக் குளோரினை உடனே தின்றுவிடும். மாவைப் புளிக்கவைக்கும் கிருமியைத் தாக்கக் குளோரின் மிஞ்சாது.

மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவே மீனின் செவுளைத் தாக்கும். மீன் கடையில் குளோரின் நீக்கும் சொட்டுமருந்து கிடைக்கும். சிறுநீரக இரத்தச் சுத்திகரிப்பு வீட்டிலேயே செய்பவர் யாராவது ஊரில் இருந்தால், திட்டம் தொடங்கும் முன்பே அவருடைய மையத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும். இயந்திர முறையில் தண்ணீருக்கும் இரத்தத்துக்கும் நடுவே மெல்லிய சவ்வு மட்டுமே இருப்பதால் குளோரினும் குளோரமினும் அதில் அறவே இருக்கக்கூடாது.

வெளியே பொருத்தும் கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிடும். வாடை போகும், காவலும் போகும். உள்கரியை மாற்றாமல் வருடக்கணக்கில் விட்டால் அதற்குள்ளேயே கிருமி வளரும். கூரைத் தொட்டியின் அடியில் நிற்கும் சேறும் அப்படித்தான். ஊர் முழுக்கக் குளோரின் வந்தாலும், கழுவாத கூரைத் தொட்டிக்குள் அது செத்துப்போகும்.

முதல் சில வாரங்கள்

தொடங்கிய முதல் நாள்களில் தண்ணீர் முன்பைவிட மோசமாகத் தெரியலாம். குழாய்க்குள் வருடக்கணக்காகப் படிந்த வழுவழுப்பான பாசி உரிந்து துணுக்குத் துணுக்காக வரும். கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு குளோரின் பட்டதும் துருவாகி, தண்ணீர் செம்மண் நிறமாகும். வெள்ளைப் பள்ளிச்சட்டையில் கறை விழும். "மருந்து போட்டதும் தண்ணியே கெட்டுப்போச்சு" என்று ஊர் கொதித்து, திட்டத்தை நிறுத்தச் சொல்லும் கட்டம் இதுதான். குழாய்க் கடைசிகளைத் திறந்துவிட்டுக் கழுவினால் பாசி தீரும். இரும்பு அப்படித் தீராது. அதற்குத் தனி வடிகட்டி வேண்டும். எது நடக்கும் என்பதை முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்லாதது, திட்டம் நடத்துபவர்களின் தவறு. இன்று லயங்களில் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அறிவிப்பு அவர்கள் மொழியிலும் போக வேண்டும்.

யார் பொறுப்பு, எங்கே அளப்பது?

தோட்டக் குடியிருப்பில் இருக்கும் தொழிலாளிக்குப் போதுமான தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் சட்டக் கடமை. தொழிலாளர் குடியிருப்பு வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டின் சட்டம் 446 அதைச் சொல்கிறது. ஊர்ப்பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் விற்கும் நிறுவனங்கள் 2006-ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டத்தின் கீழ் வருகின்றன. தரத்தைச் சோதிக்கும் வேலையைச் சுகாதார அமைச்சு 1983 முதல் தேசியத் திட்டமாகச் செய்துவருகிறது. ஆகவே கேட்பதற்கு இடம் இருக்கிறது. என்ன கேட்பது?

1. நேற்று கடைசி வீட்டுக் குழாயில் மிச்சம் எவ்வளவு? தொட்டியடி அளவைச் சொன்னால் ஏற்காதீர்கள்.
2. கடைசி மழைக்குப் பிறகு அளந்தீர்களா?
3. ஈகோலை சோதனை கடைசியாக எப்போது, எந்தக் குழாயில்?
4. தூள் போடும் ஆள் விடுப்பில் போனால் யார் போடுவார்?

முதல் கேள்விக்கான கருவி பெரிய விஷயம் இல்லை. நீச்சல் குளத்துக்கு விற்கும் டிபிடி சோதனைப் பெட்டி போதும், விலையும் அதிகமில்லை. சின்னக் கண்ணாடிக் குப்பியில் கோடு வரை தண்ணீர் பிடித்து, ஒரு வில்லையைப் போட்டுக் குலுக்க வேண்டும். குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். அட்டையில் இருக்கும் நிறத்தோடு வைத்துப் பார்த்தால் 0.2-ஆ, 0.5-ஆ, ஒன்றா என்று தெரியும். நிறமே வராவிட்டால் மிச்சம் இல்லை. தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகூட ஓர் ஆசிரியர் பக்கத்தில் நின்றால் செய்துவிடும்.

நேரமும் இடமும்தான் முக்கியம். இரவு முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரில் மிச்சம் தேய்ந்திருக்கும். வெப்பம் அதை இன்னும் விரட்டும். விடியற்காலை ஐந்தரைக்கு, குலை வெட்டப் போகிறவர்கள் எழுந்து குழாயைத் திறக்கும் நேரத்தில், வரிசையின் கடைசி வீட்டில் வரும் முதல் தண்ணீர்தான் ஊரிலேயே பலவீனமான தண்ணீர். அடுத்தது, சனி ஞாயிறு மூடிக் கிடந்த பள்ளியின் திங்கட்கிழமைக் குழாய். அந்த இரண்டு இடத்திலும் ஒருமுறை திறந்தவுடன், இன்னொரு முறை மூன்று நிமிடம் ஓடவிட்ட பின் அளந்து, இரண்டு எண்ணையும் தேதியோடு எழுத வேண்டும். ஓடவிட்ட பிறகு நிறம் வந்தால் தொட்டியில் குறை இல்லை, குழாயின் கடைசியைத்தான் அடிக்கடி திறந்துவிட வேண்டும். ஓடவிட்டும் நிறம் வராவிட்டால் அன்றைக்கே தொட்டிக்கு ஆள் போக வேண்டும். மறுபடி இளஞ்சிவப்பு வரும் வரை குடிக்கும் தண்ணீரை நன்றாகக் குமிழி விட்டுக் கொதிக்கும்படி காய்ச்சி, மூடிவைத்து ஆறவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.